பட்டியலில் விட்டுப்போன பொருள்

அத்தியாயம் 4

"பசு ஒன்று. ஓட்ஸ் மாவு நிரம்பிய மரப்பெட்டி ஒன்று. இரும்புப் பானை ஒன்று. கம்பளி இரண்டு. அடைகாக்கும் கூடை ஒன்று. உடைந்த கரண்டி ஒன்று." பேட் லோரிமர் புகார்த் தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு படித்தான். "அண்ணே, உடைஞ்ச கரண்டியைக்கூட விடல. வந்தவனுங்களுக்கு ரசனையே இல்ல போலிருக்கு."

"தாளை மடிச்சு வெச்சிட்டு வீட்டைப் பாரு," என்றார் நினியன் கோர்லே.

நினியன் ஷெரிஃபின் விசாரணை அதிகாரி. ஆங்கஸ் மலைப்பக்கத்தில் இருபது வருஷமாக இதே வேலை. பேட் ஒரு காலத்தில் தையல்காரன். மூன்று வருஷமாக விளைச்சல் பொய்த்து, புதுக் கோட்டு தைத்துக்கொள்ள ஆளே இல்லாமல் போனதும் அவருக்குத் துணைக்கு வந்து சேர்ந்தவன். கஞ்சி குறையக் குறைய அவனுக்குப் பேச்சு கூடிக்கொண்டே போனது.

பண்ணையின் பெயர் பிளாக்ஃபால்ட். புகார் கொடுத்தவர் கில்பர்ட் மாதிசன், அறுபது வயது, தனி ஆள். கதவருகே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துக்குப் போயிட்டுத் திரும்பி வந்தா வீடு மொட்டையா கெடந்தது. பக்கத்துப் பண்ணை சாண்டர்ஸ் இம்ரிதான். கூட மூணு பேரையாவது கூட்டிட்டு வந்திருப்பான். பிரசங்கம் பாதியில எழுந்து போனதை ஊரே பாத்துச்சு."

"எங்க போனேன்னு அவர் சொல்லலையா?"

"கேட்டாங்க. வாயைத் தொறக்கல. குத்தம் இல்லாதவன் ஏன் சார் வாயை மூடிக்கணும்?"

அந்த ஞாயிறு மாலையே சாண்டர்ஸை ஜெயிலில் தள்ளியிருந்தார்கள். வியாழக்கிழமை ஷெரிஃப் விசாரணை. இன்று செவ்வாய்.

புகாரில் 'ஸ்பூலி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அடுத்தவன் கையில் இருக்கும் பொருளை அடாவடியாக வாரிக்கொண்டு போவதற்கு அந்த நாட்டுச் சட்டத்தில் அதுதான் பெயர். வாரினவன் பொருளைத் திருப்பித் தந்து நஷ்டத்தையும் கட்ட வேண்டும். ஆனால் கில்பர்ட் அதற்குப் பக்கத்தில் 'களவும்' என்று சேர்த்திருந்தார். இந்தப் பஞ்சத்தில் களவு என்றால் கயிறு. போன குளிர்காலத்தில் நினியன் தேடிப் பிடித்துக் கொடுத்த ஒருத்தி, ஒரே ஒரு ஆட்டுக்காகத் தூக்கில் தொங்கினாள். அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டுக்குள்ளும் அவசரமாக நுழைவதில்லை.

மண் தரையில் பெட்டி இருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது. நினியன் கைத்தடியால் அதன் நீளத்தையும் அகலத்தையும் அளந்தார். பிறகு கதவு நிலையை அளந்தார்.

"பெட்டி எவ்வளவு உயரம்?"

"என் நெஞ்சு வரைக்கும் வரும். எங்க அப்பா இங்கயே உக்காந்து செஞ்சது."

"அதை அப்படியே தூக்கிட்டுப் போயிட்டாங்க?"

"நாலு பேர் சார். தூக்கிடலாம்."

நினியன் அடுப்பைப் பார்த்தார். "நீங்க திரும்பி வந்தப்போ நெருப்பு அணைஞ்சு போயிருந்ததா?"

"இல்ல. தணலைச் சாம்பல் போட்டு மூடியிருந்தது."

"நீங்க மூடிட்டுப் போனீங்களா?"

"அவசரத்துல அப்படியே விட்டுட்டு..." கில்பர்ட் நிறுத்திக்கொண்டார். "மூடிட்டுத்தான் போனேன்போல. ஞாபகம் இல்ல."

பேட் தலையைச் சொறிந்தான். "கொள்ளையடிச்சிட்டு, போற போக்குல அடுப்பையும் கவனிச்சிட்டுப் போறானுங்க. இப்படி ஒருத்தன் கெடைச்சா என் தங்கச்சியைக் கட்டி வெச்சிடுவேன்."

நினியன் அதற்குள் அடுப்பருகே குந்தி உட்கார்ந்துவிட்டார். தரையில் இரண்டு வளைந்த பள்ளங்கள், ஒரு முழ இடைவெளியில், வழுவழுவென்று தேய்ந்து கிடந்தன. விரலை ஓட்டிப் பார்த்தார். ஒரே இடத்தில், நாள்கணக்கில், ஏதோ ஒன்று முன்னும் பின்னும் ஆடிய தடம்.

"இங்க என்ன இருந்தது?"

"ஒண்ணும் இல்ல. பழைய முக்காலி."

முக்காலி ஆடாது. உடைந்த கரண்டியை எழுதிய மனுஷர் இதை எழுதவில்லை. நினியன் எழுந்து, "தொழுவத்தைப் பாக்கலாம்," என்றார்.

தொழுவம் அதே கூரைக்கு அடியில்தான், ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கம். பசு நிற்கிற இடத்தில், அடுப்பெரிக்க வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகளைக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. வெளியே, சுவரோரம், வழக்கமான கரிமண் குவியல் பாதி கரைந்திருந்தது.

பின்வாசலில் சேறு ஞாயிற்றுக்கிழமை இளகி, திங்கட்கிழமை பனியில் இறுகியிருந்தது. அதில் வண்டித் தடமே இல்லை. இருந்தது ஒரு பெண்ணின் வெறுங்கால் தடமும், அதன்மேல் மிதித்து மிதித்துப் போன பசுவின் குளம்புத் தடமும் மட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறியிருக்கிறாள். அந்த இடத்தில் சேற்றில் இரண்டு வளைந்த கோடுகள் பதிந்திருந்தன. ஒரு முழ இடைவெளி.

பேட் குனிந்து பார்த்தான். மெதுவாகச் சொன்னான். "தொட்டில் அண்ணே."

"ஆமா."

"நாலு தடியனுங்க வந்தாங்கன்னு சொன்னாரு. வந்தது ஒரு பொம்பள. அதுவும் செருப்பு இல்லாத பொம்பள."

"தடத்தைப் பிடிச்சு நட. வழியில சாண்டர்ஸ் வீடு இருக்கு."

சாண்டர்ஸின் மனைவி கேத்ரின் முட்டைக்கோஸ் தண்டுகளை வேகவைத்துக்கொண்டிருந்தாள். மூன்று குழந்தைகள் பானையையே பார்த்துக்கொண்டிருந்தன. ஷெரிஃபின் ஆட்கள் என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவரைத் தூக்குல போட்டுடுவாங்களா? முதல்ல அதைச் சொல்லுங்க. அப்புறம் உக்காருங்க."

"அதுக்குத்தான் வந்திருக்கோம்மா, போடாம இருக்கிறதுக்கு," என்றார் நினியன். "மாதிசன் வீட்டுத் தொட்டில் யாருடையது?"

கேத்ரின் பானையை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

"அவரு மகன் டேவி செஞ்சது. நவம்பர்ல காய்ச்சல்ல போயிட்டான். அப்போ அவன் பொண்டாட்டி எல்ஸ்பெத் நெறமாசம். ஜனவரியில பையன் பொறந்தான். பிப்ரவரியில மாமனார் அவளையும் கைக்குழந்தையையும் வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டாரு. அந்தப் பசுகூட அவ அப்பா வீட்டுச் சீர்தான். அதையும் விடல."

"ஏன் தள்ளினாரு?"

"மாவு வசந்தகாலம் வரைக்கும் ஒருத்தருக்குத்தான் வருமாம். அதைச் சொல்லியே தள்ளினாரு, மறைக்கல." அவள் குழந்தைகள் பக்கம் திரும்பினாள். "ரெண்டு நாள் எங்ககூட இருந்தா. எம்புள்ளைங்க தட்டைப் பாத்துட்டு, நான் மலைமேல மேய்ச்சல் குடிசையில இருந்துக்கறேன்க்கான்னு போயிட்டா. நான் தடுத்திருக்கணும். தடுக்கல. தட்டுல ஒண்ணும் இல்ல, எப்படித் தடுக்கிறது?"

ஒரு குழந்தை இருமியது.

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்காரர் ஏன் பாதியில எழுந்து போனாரு?"

"அன்னிக்குத்தான் அந்தப் புள்ளைக்கு ஞானஸ்நானம். அப்பன் இல்லாத புள்ளையைத் தாத்தாதான் பாதிரியார்கிட்ட தூக்கிக் காட்டணும். அவரு முன்னாடியே மாட்டேன்னுட்டாரு. அப்ப நான் தூக்கறேன்னு இவர் எல்லார் முன்னாடியும் சொன்னாரு. அதுலேருந்து மாதிசனுக்கு இவர் மூஞ்சியைப் பாத்தாலே ஆகாது. அன்னிக்கு இவர் காத்துக்கிட்டே இருந்தாரு, எல்ஸ்பெத் வரல. தேடிப் போனாரு. திரும்பி வந்து ஒரு வார்த்தை பேசல. சாயங்காலம் வந்து பிடிச்சிட்டுப் போனாங்க."

நினியனுக்கு அந்த மௌனம் புரிந்தது. சாண்டர்ஸ் தூரத்திலிருந்து அவளைப் பசுவோடு பார்த்திருக்கிறார். பார்த்ததைச் சொன்னால் கயிறு அவள் கழுத்துக்குப் போகும். சொல்லாவிட்டால் தன் கழுத்துக்கு. அவர் சொல்லவில்லை.

"இன்னொண்ணு கேக்கறேன். மாவு பதுக்கறவங்க வீட்டைச் சோதிக்கப் போறாங்கன்னு அறிவிச்சாங்களா?"

"அதே ஞாயித்துக்கிழமைதான். இந்த வாரம் வர்றாங்களாம்."

கிளம்பும்போது கேத்ரின் பேட் கையில் ஒரு சின்னக் கம்பளித் தொப்பியைக் கொடுத்தாள். "ஞானஸ்நானத்துக்குன்னு பின்னினேன். அவகிட்ட குடுத்துடுங்க."

பேட் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினான். "அண்ணே, சட்டம் தெரியாத ஆளு நான், தப்பா இருந்தா திருத்துங்க. அவ பசுவை அவரு பிடுங்கி வெச்சுக்கிட்டாரு. அவ வந்து ஓட்டிட்டுப் போனா. இதுல யாரு ஸ்பூலி?"

"சொந்தப் பொருளா இருந்தாலும் அடுத்தவன் கையிலேருந்து தானே போய் எடுக்கக் கூடாது. எடுத்தா ஸ்பூலிதான்."

"அப்போ அவ மாட்டிக்கிட்டாளா?"

"அவசரப்படாதே. முதல்ல வெளிய தள்ளினது யாரு? அடாவடியா இடம் இழந்தவங்களை அதே இடத்துல திரும்ப உக்கார வைக்கணும், மத்த வழக்கெல்லாம் அதுக்கப்புறம். ஸ்பூலிச் சட்டத்தோட முதல் வரியே அதுதான். அந்த வரியை வெச்சு அவளைக் கீழ கூட்டிட்டு வந்து, அந்த வீட்டுக்குள்ள நிறுத்தப் போறேன்."

பேட் சிரித்தான். "அப்போ இன்னிக்கு நாம நல்ல சேதி கொண்டு போறோம். இந்த வேலையில சேந்த நாள்லேருந்து இதுதான் முதல் தடவை. பயலை ஒரு தடவை தூக்கிக் கொஞ்சிட்டுத்தான் வருவேன், சொல்லிட்டேன்."

ஒன்று மட்டும் நினியனை உறுத்தியது. பசுவைக் கயிற்றில் பிடித்துப் போனால் குளம்புத் தடம் சீராக இருக்கும். இதுவோ அங்கங்கே நின்று புல்லைக் கடித்திருக்கிறது. பிறகு ஓடிப்போய் அவளை எட்டிப் பிடித்திருக்கிறது.

இரண்டாவது ஓடையைத் தாண்டியதும் குடிசை தெரிந்தது. கூரையிலிருந்து புகை வரவில்லை.

நினியன் நடையை மெதுவாக்கினார். பேட் கவனிக்கவில்லை. "யாரம்மா உள்ள? கீழேருந்து விருந்தாளி வந்திருக்கோம்," என்று குரல் கொடுத்துக்கொண்டே குனிந்து நுழைந்தான். பிறகு அப்படியே நின்றுவிட்டான்.

உள்ளே பசு படுத்திருந்தது. அதன் வயிற்றில் முதுகைச் சாய்த்து, கம்பளிப் போர்வைக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். உதடு வெடித்திருந்தது. எதிரே அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பலை ஒதுக்கி, மண்ணைக் கிளறி, மறுபடி மூடித் தட்டியிருந்தது. மேலே தட்டையான கற்களை வரிசையாக வைத்திருந்தாள்.

தொட்டிலைக் காணோம்.

நினியன் தொப்பியைக் கழற்றினார்.

"என்னைப் பிடிக்க வந்திருக்கீங்களா?" என்றாள் எல்ஸ்பெத். பயம் இல்லாத குரல்.

"இல்லம்மா. என்னிக்கு?"

"சனிக்கிழமை காலையில. எனக்குப் பால் வத்திப் போச்சு. ஓடைத் தண்ணியைச் சுட வெச்சு விரல்ல தொட்டுக் குடுத்தேன். ரெண்டு நாள் அதைச் சப்பினான்." அவள் கற்களைப் பார்த்தாள். "வெறும் மண்ணுல வைக்க மனசு வரல. பெட்டி செய்யப் பலகை ஏது? அவங்கப்பா செஞ்ச தொட்டில் இருக்கேன்னு ஞாபகம் வந்தது. ஞாயித்துக்கிழமை வீட்ல யாரும் இருக்க மாட்டாங்கன்னு போய் எடுத்துட்டு வந்தேன். வெளிய மண்ணு கல்லா இருந்தது. இங்கதான், நெருப்பு எரிஞ்ச எடம், கொஞ்சம் இளகியிருந்தது."

"அதுக்கப்புறம் நீ நெருப்பே மூட்டலையா?"

"அவன் மேல எப்படி மூட்டறது?"

பேட் வெளியே போய்விட்டான். சட்டைமேல் ஒரு கையை வைத்து அழுத்தியபடி போனான்.

நினியன் மண்ணில் உட்கார்ந்தார். கேட்டுத்தான் ஆக வேண்டும். "பசுவை நீ கூப்பிட்டியா?"

"இல்ல. தொழுவத்து வழியா வந்தேன், கதவைச் சாத்தத் தோணல. பின்னாடியே வந்துடுச்சு. ரெண்டு தடவை விரட்டினேன், போகல. இதோட சூட்டுலதான் இருக்கேன்."

"மாவுப்பெட்டி?"

"பெட்டி நெறைய மாவு இருந்தது. பானை, கம்பளி எல்லாம் இருந்தது. நான் தொடல. அப்போ எனக்குப் பசியே இல்ல. அடுப்பு மட்டும் அணையப் போற மாதிரி இருந்தது, சாம்பலைத் தள்ளி மூடிட்டு வந்தேன். பழக்கம்."

"சாண்டர்ஸ் உன்னைப் பாத்தாரா?"

"எதிர்ச்சரிவுல ஒரு ஆள் நின்னது தெரிஞ்சது. அவர்தானா? கூப்பிடவே இல்லையே."

"அவர் ஜெயில்ல இருக்காரும்மா. அந்த மாவுக்காக."

எல்ஸ்பெத் முதல் தடவையாக அசைந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "எங்க வந்து சொல்லணும்?"

கீழே இறங்க வெகுநேரம் ஆயிற்று. பேட் அவளைப் பசுவின்மேல் உட்கார வைத்து ஒரு கையால் தாங்கிக்கொண்டே வந்தான். பிளாக்ஃபால்ட் முற்றத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கில்பர்ட் கதவைத் திறந்தார். மருமகளைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"இவளை எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"முறைப்படிதான்," என்றார் நினியன். "நீங்க புகார்ல ஸ்பூலின்னு எழுதினீங்க. அந்தச் சட்டம் எப்படித் தொடங்குதுன்னு படிக்கல. பேட், தொழுவத்துல அந்தக் கரிமண்ணை இறக்கு."

"அதை எதுக்குத் தொடறீங்க?"

"மாதிசன், பசுவைத் தேடிக் குடுங்கன்னு கேக்கறவர், அது வந்தா நிக்கிற எடத்துல யாராவது கரிமண் அடுக்குவாங்களா? வெளிய குவியல் இருக்கும்போது? பெட்டியோட சின்னப் பக்கமே உங்க கதவைவிட ஒரு சாண் பெரிசு. நாலு பேர் இல்ல, நாற்பது பேர் வந்தாலும் அது முழுசா வெளிய போகாது. பிரிச்சாத்தான் உண்டு. கொள்ளைக்காரன் உக்காந்து ஆப்பைக் கழட்டிக்கிட்டு இருக்க மாட்டான்."

நான்காவது வரிசை சரிந்ததும் பிரித்துச் சாய்த்த பெட்டியின் பலகை தெரிந்தது. அதன் பின்னால் சாக்குகளில் மாவு. பானை. கம்பளி. அடைக்கூடைக்குள் அந்த உடைந்த கரண்டி.

"பசுவைத் தவிர பட்டியல்ல உள்ளது ஒண்ணுமே போகல," என்றான் பேட். சிரிக்காமல் சொன்னான். "போனது பட்டியல்ல இல்ல."

கில்பர்ட் தடுப்பைப் பிடித்துக்கொண்டார். "சோதிக்க வர்றாங்கன்னு சொன்னாங்க. எல்லாத்தையும் எடுத்துட்டா வசந்தகாலத்துக்குள்ள நானும் செத்துடுவேன். வந்து பாத்தா பசு இல்ல, தொட்டிலும் இல்ல. இவதான்னு தெரிஞ்சது. தொட்டிலை எழுதினா யாருடையதுன்னு கேப்பாங்க. அதான் எழுதல. பெட்டியும் போச்சுன்னு நம்பணும்னா ஆம்பளைங்க வந்திருக்கணும், அதான் இம்ரி பேரைப் போட்டேன்." நிறுத்தி, எல்ஸ்பெத்தின் கைகளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் பார்த்தார். "புள்ளையை எங்க விட்டுட்டு வந்த? இம்ரி வீட்டுலயா?"

எல்ஸ்பெத் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"குளிர்ல எங்க விட்டுட்டு வந்தேன்னு கேக்கறேன்."

"தொட்டில்லதான் இருக்கான் மாமா," என்றாள் எல்ஸ்பெத். "மண்ணுக்குள்ள."

அந்த முதியவர் உடனே உட்காரவில்லை. தடுப்பைப் பிடித்த கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வழுக்கிக்கொண்டு வந்தது. சிதறிய கரிமண் கட்டிகளுக்கு நடுவே மண்டியிட்ட மாதிரி சரிந்தார்.

நினியன் அடுப்பருகே போய் முழங்காலில் தாளை வைத்து எழுதத் தொடங்கினார். சாண்டர்ஸ் வெளியே வர வேண்டும். அதற்கு உள்ளது உள்ளபடி தாளில் ஏற வேண்டும். எல்ஸ்பெத்தின் சாட்சியை ஒவ்வொரு வரியாகக் கேட்டு எழுதினார். வீடு, பசு, மாவு எல்லாவற்றிலும் முதலில் அவளைத் திரும்ப அமர்த்துவது, பொய்ப் புகாரைப் பற்றி ஷெரிஃப் பிறகு விசாரிப்பது என்று எழுதினார். தொட்டிலுக்கு வந்ததும் பேனா நின்றது.

"எடுத்தது எதுக்குன்னு காரணம் எழுதணும்மா. புள்ளையோட பேரைப் போடணும். பேரு வெச்சிருந்தியா?"

"பாதிரியார் இன்னும் பேர் சொல்லிக் கூப்பிடல."

"நீ என்னன்னு கூப்பிட்ட?"

எல்ஸ்பெத் தயங்கினாள். "எங்க பக்கத்துல முதல் பையனுக்கு அப்பாவோட அப்பா பேருதான். டேவி முன்னாடியே சொல்லியிருந்தான். கில்பர்ட்னுதான் கூப்பிட்டேன்."

தொழுவத்துப் பக்கமிருந்து, அடிபட்ட மாட்டின் முனகல்போல ஒரு சத்தம் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நினியன் நிறுத்தி நிதானமாக எழுதினார்: கில்பர்ட் மாதிசன், காலஞ்சென்ற டேவி மாதிசனின் மகன், வயது ஏழு வாரம். கீழே பேட் சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

வியாழக்கிழமை சாண்டர்ஸ் இம்ரி வீடு திரும்பினார். எல்ஸ்பெத் அனுப்பிய இரண்டு சாக்கு மாவு அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஞானஸ்நானம் ஆகாத குழந்தை என்பதால் சர்ச் புத்தகத்தில் அந்தப் பெயரை ஏற்றவில்லை. அவன் பெயர் இருப்பது ஷெரிஃப் கோர்ட்டின் ஸ்பூலி வழக்குத் தாள்களின் கட்டுக்குள், அந்த ஒரு தாளில் மட்டும்தான்.